நத்தாருக்கு மினுக்கிய தோட்டாக்கள்

புலியாம்! யார் கண்டது புலியை? போன ஆவணியில் என் மனுசன் பஸ்தியாம்பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் பூசை வைத்தபோது, ஹந்தானைத் தோட்டத்திலிருந்து வந்த சனம் முற்றத்தில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டு சொன்ன கதை அது. பெரிய கிளாக்கர் ஐயா ஒரே வெடியில் புலியை விழுத்தினாராம். இன்னொருவர் இரண்டு புலி என்றார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் யானையும் வந்திருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்த வீடு என்று பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அது புலி இல்லை, நாய். ஒரு வெடி இல்லை, இரண்டு. அதற்கு முன் வெடிக்காமல் போனவை மூன்று. அந்த மூன்றும் ஏன் வெடிக்கவில்லை என்பது அவருக்கும் எனக்கும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

இருபத்தாறாம் ஆண்டு அது. அவர் ஹந்தானையில் பெரிய கிளாக்கர். எங்கள் வீடும் தோட்டத்து ஒப்பீசும் ஒரே கூரையின் கீழ். காலையில் கதவைத் திறந்தால் பனிப்புகார் வீட்டுக்குள்ளேயே வந்து கதிரையில் இருக்கும். தேயிலை வாடும் வாசம் மத்தியானம் வரை முற்றத்தில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கண்டிக்கு இறங்க ஒன்றரை மணித்தியாலம், ஏற இரண்டு. இறங்கும்போது நான் முன்னால், அவர் பின்னால். ஏறும்போது அவர் முன்னால் போய், வளைவுக்கு வளைவு நின்று, ஏதோ காட்சி பார்ப்பது போல எனக்காகக் காத்திருப்பார். அந்த வழியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் நோகிறது, நெஞ்சும் நோகிறது. அந்த நாட்கள் திரும்பி வருமென்றால் தினமும் இரண்டு தரம் அந்த மலையை ஏறுவேன்.

ஆள் நல்லவர், ஆனால் பயந்தாங்கொள்ளி. அப்படித்தான் நான் சொல்லுவேன், அவர் முகத்துக்கு நேரேயே சொல்லுவேன். சுவரில் பல்லி ஓடினால் கதிரையை நகர்த்திப் போடுவார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கூப்பிட்டால் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். அப்படிப்பட்ட மனுசனிடம், ஆறு மாத லீவில் சீமைக்குப் போன துரை, தன் ரிவோல்வரைக் கொடுத்துவிட்டுப் போனாரே, அதை என்னவென்று சொல்வது! போவதற்கு முன் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை வைத்து இவருக்குச் சுடப் பழக்கினார். இவர் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு சுட்டார். நான் குசினி யன்னலால் பார்த்துச் சிரித்தேன்.

பிரான்சில் சண்டைக்குப் போயிருந்தபோது ஒரு அமெரிக்க ஒபிசரிடம் துரை வாங்கிய ரிவோல்வர் அது. அதற்குப் போடும் தோட்டாக்கள் வேறொரு மாதிரிப் பிஸ்டலுக்கென்று செய்தவை. சாதாரண ரிவோல்வர் தோட்டாவுக்கு அடியில் ஒரு விளிம்பு இருக்கும். உருளையின் துளைக்குள் போட்டால் அந்த விளிம்பு வாயில் தட்டி நிற்கும். இவற்றுக்கு விளிம்பு இல்லை. அடியைச் சுற்றி ஒரு பள்ளம்தான் இருக்கும். அந்தப் பள்ளத்தில் பாதி நிலவு போன்ற ஒரு இரும்புத் தகட்டைக் கொளுவி, தகட்டுக்கு மூன்று தோட்டாவாகச் சேர்த்துத்தான் போடவேண்டும். தோட்டா உள்ளே விழுந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பதே அந்தத் தகடுதான். இதையெல்லாம் துரை அவருக்குச் சொல்லியிருந்தார். அவர் எனக்குச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று.

"இஞ்சரும், அலுமாரியிலை இருக்கிற அந்தப் பேணியைத் தொடப்படாது."

"தொட்டால் என்ன, கடிக்குமே?"

"துரையின்ரை சாமான். தொடப்படாது எண்டால் தொடப்படாது."

பாலன் பிறப்பு நாளான நத்தாருக்கு முந்திய கிழமை எங்கள் வீட்டில் பித்தளை மினுக்குவது வழக்கம். என் அம்மா வீட்டில் அப்படி, அவளுடைய அம்மா வீட்டிலும் அப்படி. குத்துவிளக்கு, வெற்றிலைத் தட்டம், செம்பு, சுரூபத்துக்கு முன் வைக்கும் பூச்சாடி, கதவுப் பிடி, அலுமாரிச் சாவி வரை பழப்புளியில் ஊறவைத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் அடுக்குவேன். பாலன் பிறக்கிற வீட்டில் களிம்பு பிடித்த பித்தளை ஒரு துண்டு இருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

அவர் தொடாதே என்றால் நான் தொடாமல் இருப்பேனா? பேணியைத் திறந்தேன். பன்னிரண்டு தோட்டா. மழைக்காலத்து ஈரத்தில் பச்சைக் களிம்பு படர்ந்து, பார்க்கவே அருவருப்பாக இருந்தது. நான்கு கறள் பிடித்த தகரத் துண்டுகள் அவற்றைக் கவ்விக்கொண்டிருந்தன. அந்தத் துண்டுகள் இருக்கும்வரை பள்ளத்துக்குள் தேய்க்க முடியாது. கரண்டிக் காம்பால் நெம்பிக் கழற்றினேன். பெட்டியில் சாமான் ஆடாமல் வரச் செருகிய தகரம் என்றுதான் நினைத்தேன், மாதா மேல் ஆணை. கானுக்குள் எறிந்தேன். பிற்பகல் பெய்த மழை கானை நிரப்பிக்கொண்டு ஓடியது. தோட்டாக்களை ஒவ்வொன்றாய்த் தேய்த்து, பள்ளத்தில் ஈர்க்குக் குச்சி விட்டுக் களிம்பு எடுத்து, துடைத்துப் பேணியில் அடுக்கினேன். தங்கம் போல இருந்தன. நத்தார் அன்று அவருக்குக் காட்டி அசத்தலாம் என்று நினைத்துக்கொண்டேன். புத்தி போன புத்தி!

அடுத்த நாள் காலை பத்து மணி இருக்கும். கொழுந்துப் பெண்கள் மூன்று பேர் ஓடி வந்தார்கள்.

"ஐயா! கிளாக்கர் ஐயா! சுப்பம்மாவோட நாயிக்கு வெறி புடிச்சிருச்சுங்க. பிள்ளைக்காம்பரா வாசல்ல நிக்குது. உள்ள பிள்ளைக எல்லாம் இருக்குதுங்க!"

கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுப்போகிற அறைதான் பிள்ளைக்காம்பரா. சுப்பம்மாதான் அங்கே ஆயா. அவளுடைய நாய் எந்த நாளும் அந்த வாசலில்தான் படுத்திருக்கும். விசர் பிடித்த பிறகும் பழகிய இடத்துக்கே வந்துவிட்டது. இருபது குழந்தைகள் உள்ளே. இருபத்தோராவது என் சவிரி.

கிளாக்கர் மகன் பிள்ளைக்காம்பராவில் இருப்பதா என்று அவர் மூன்று மாதமாக என்னோடு சண்டை. மூன்று வயதுப் பிள்ளை வீட்டுக்குள் தனியே சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறான், நாலு பிள்ளைகளோடு விளையாடட்டும் என்று நான்தான் பிடிவாதமாக அனுப்பினேன். அவர் இப்போது அதைச் சொல்லிக்காட்டவில்லை. ஒப்பீசிலிருந்து வந்தார், அலுமாரியைத் திறந்தார். சின்னத்துரை இரட்டைக்குழல் துவக்கையும் எடுத்துக்கொண்டு நத்தாருக்குக் கொழும்புக்குப் போயிருந்தார். தோட்டத்தில் வேறு ஆயுதம் கிடையாது. கங்காணிமார் தடியோடு நிற்பார்கள், கிட்டப் போகமாட்டார்கள். போன வருடம் கீழ்ப்பிரிவில் நாய் கடித்த ஒரு ஆள், தண்ணீரைக் கண்டு அலறி அலறிச் செத்ததை அவர்கள் எல்லோரும் பார்த்தவர்கள்.

பேணியைத் திறந்தவர் அப்படியே நின்றார். பன்னிரண்டு தோட்டாவும் அவர் முகத்தைப் பார்த்து மின்னின. பேணிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு என்னை ஒரு தரம் பார்த்தார். தோட்டாக்களைச் சட்டைப் பைக்குள் கொட்டி, ரிவோல்வரையும் எடுத்துக்கொண்டு ஓடினார். செருப்பும் போடாமல் நான் பின்னால் ஓடினேன்.

பிள்ளைக்காம்பராவுக்கு ஒரே கதவு. சுப்பம்மா உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள். ஆனால் கதவின் அடிப் பலகை மழையில் ஊறி உக்கியிருந்தது. நாய் அதைப் பல்லால் பிய்த்துக்கொண்டிருந்தது. வாயெல்லாம் நுரை. உள்ளே குழந்தைகள் கத்துகிற சத்தம். அதற்குள் என் பிள்ளையின் சத்தத்தை நான் பிரித்துக் கேட்டேன். "அம்மா" என்றில்லை, "ஆயா, ஆயா" என்று சுப்பம்மாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா, கிட்ட வராதீங்க!" யன்னல் கம்பிக்குள்ளால் சுப்பம்மா கத்தினாள். "பலகை போயிரும் போல இருக்குங்க. உக்கார்ற வாங்கைச் சாத்தி வச்சிருக்கேன். சீக்கிரம் எதையாச்சும் செய்யுங்க ஐயா!"

இவர் ஆறு தோட்டாவைப் போட்டு உருளையை மூடினார். நாய்க்கு ஐந்து பாகம், முப்பது அடித் தூரம் வரை, கிட்டப் போனார். குனிந்து குறி வைத்தார். டிக். இன்னொரு தரம். டிக். நாய் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. பின்னால் நின்ற கங்காணிமார் எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள். என் மனுசன் பின்வாங்கவில்லை. மூன்றாம் தரமும் டிக். நாய் என்ன நினைத்ததோ, திரும்பவும் பலகையைக் கடிக்கத் தொடங்கியது.

அவர் என்னிடம் நடந்து வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். முகம் சாம்பல் நிறம். உருளையைத் திறந்து காட்டினார். நிலத்தைப் பார்த்துக் குறி வைக்க, தோட்டா எல்லாம் துளைக்குள் முன்னுக்குச் சரிந்து போயிருந்தன. சுத்தியல் முனை அவற்றை எட்டவில்லை.

இந்த இடத்தில் வேறு எந்தப் புருசனாக இருந்தாலும் என்ன சொல்லியிருப்பான்? கை ஓங்கியிருப்பான். 'எடி நாசம் கட்டினவளே' என்று ஊர் கேட்கக் கத்தியிருப்பான். நானே என்னை அடித்துக்கொள்ளத்தான் கையைத் தூக்கினேன். அவர் அந்தக் கையைப் பிடித்து, அதில் ஒரு தோட்டாவை வைத்தார்.

"இஞ்சரும். நீர்தானே இதுகளை வடிவாய்ப் பாத்தனீர். தகடு எந்த இடத்திலை பிடிச்சிருந்தது?"

மெல்லத்தான் கேட்டார், மற்றவர்களுக்குக் கேட்காமல். ஈர்க்கு விட்டுக் குடைந்த பள்ளம் என் விரலுக்குத் தெரியும். நகத்தால் தொட்டுக் காட்டினேன். "இதுக்குள்ளை. இதுக்குள்ளை ஏதாவது சுத்தினால் நிக்கும். நூல் சுத்தினால் நிக்கும்!"

சீலைத் தலைப்பைப் பல்லால் கிழித்து நூலை உருவினேன். நான்கு இழையைச் சேர்த்து முறுக்கி, பள்ளத்தில் சுற்றி இறுக்கி முடிந்தேன். போட்டுப் பார்த்தார், தோட்டா துளையின் வாயில் நின்றது, ஆனால் உருளை மூடவில்லை. தடித்துப் போனது. ஒரு சுற்றைப் பல்லால் கடித்து எடுத்தேன். மூடியது. இரண்டாவது மெல்லிசாகிப் போய் உள்ளே இறங்கியது. திரும்பச் சுற்றினேன். கை தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. வாய்தான் அருள் நிறைந்த மரியேயைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பத் தொடங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதை முடியும்போது பலகை முறிகிற சத்தம் கேட்டது.

"தலைய உள்ள விட்டிருச்சு! ஐயோ, ஐயா!" சுப்பம்மா வாங்கை முட்டுக்கொடுத்துக்கொண்டு கத்தினாள்.

மூன்று தோட்டாவோடு அவர் போனார். இந்த முறை ஐந்து பாகத்தில் நிற்கவில்லை. நேரே படியில் ஏறினார். நாயின் பின்கால் அவருடைய வேட்டியில் முட்டுகிற அளவுக்குக் கிட்ட. அதன் தலை கதவுக்கு உள்ளே, உடம்பு வெளியே. குழந்தைகள் பக்கம் குண்டு போய்விடக்கூடாது என்று சரிந்து நின்று, பக்கவாட்டில் குழலை வைத்தார். முதல் வெடி படிக்கல்லில் பட்டுச் சில்லுத் தெறித்தது. நாய் தலையை வெளியே இழுத்து அவர் பக்கம் திரும்பியது. அவருடைய கண் இரண்டும் திறந்திருந்ததை நான் கண்டேன். இரண்டாவது வெடியோடு நாய் விழுந்தது.

சுப்பம்மா கதவைத் திறந்து வந்து, பிள்ளைகளை எண்ணிப் பார்த்தாள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அதன் பிறகு நாயைப் பார்த்து, "போயிட்டியாடா" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். குட்டியிலிருந்து சோறு போட்டு வளர்த்தவள். அவளுக்கும் அழ உரிமை இருந்தது. சவிரி என் கையில் வந்து, "இன்னொருக்கா டுமீல்" என்றான்.

என் மனுசன் கானோரம் போய் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு படியில் இருந்து, உருளையைத் திறந்தார். விளிம்பும் தகடும் இல்லாததால் வெடித்த தோட்டாக்களின் வெறும் கோது இரண்டும் வெளியே வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒப்பீசுப் பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாய்க் குத்தித் தள்ளினார். பென்சில் முனை உடைந்தது. "சே, புதுப் பென்சில்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு அவரைப் போல ஒரு ஆம்பிளை கண்டி முழுக்க இல்லை என்று எனக்குப்பட்டது. வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றிலிருந்து பயந்தாங்கொள்ளி என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அந்த நத்தார் நல்ல நத்தார். லயங்களில் குடியிருந்த தோட்டத்துச் சனம் பலாப்பழமும் கோழியுமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். இந்து, வேதக்காரர் என்று பார்க்காமல் எல்லோரும் வந்து என் பாலன் குடிலுக்கு முன் நின்று கும்பிட்டார்கள். சுப்பம்மா சவிரிக்கு ஒரு மரப் பம்பரம் கொண்டுவந்தாள். அந்த வாரம் முழுவதும் வீட்டில் ஆள் குறையவில்லை. தகட்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

துரை பங்குனியில் திரும்பி வந்தார். அடுத்த மாதம், சித்திரையில், நாங்கள் ஹந்தானையை விட்டுத் தெல்தோட்டைப் பக்கம் வேறொரு தோட்டத்துக்குப் போனோம். அங்கே அவர் இரண்டாம் கிளாக்கர். தன்னைவிடப் பத்து வயது குறைந்த ஒருவருக்குக் கீழே பதினோரு வருடம் வேலை செய்தார். பெரிய கிளாக்கர் என்று அவரை மறுபடி ஒருவரும் கூப்பிடவில்லை, பூசைக்கு வந்த ஹந்தானைச் சனத்தைத் தவிர. ஏன் அங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்.

நடந்தது இதுதான். துரை வந்த மறுநாள் காலை ஒப்பீசுக்கு வந்து ரிவோல்வரைக் கேட்டார். வீட்டுக்கும் ஒப்பீசுக்கும் நடுவே ஒரு கதவு. அது பாதி திறந்திருந்தது. அவர் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துரைக்கு முன் நின்றார். நான் சவிரியை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்றேன். கன்னியர் மடத்தில் படித்தவள், துரையின் இங்கிலீசு எனக்கு விளங்கும்.

நாயைச் சுட்டதற்குத் துரை முதலில் கை கொடுத்தார். பேணியைத் திறந்ததும் குரல் மாறியது. தகடுகள் எங்கே என்றார். என்னால்தான் தொலைந்தது என்றார் இவர். எப்படி என்றார் துரை. பித்தளை களிம்பு பிடித்திருந்தது, மினுக்குவதற்காக நானே கழற்றி எறிந்தேன் என்றார் இவர். துரை ஒரு தோட்டாவை எடுத்து மூக்கில் வைத்து மணந்தார். அவர் மடையர் இல்லை.

"நீ புளி போட்டுப் பித்தளை மினுக்குகிற ஆளா?" என்று கேட்டார். "உண்மையைச் சொல். என் ஆயுதத்தை உன்னிடம் நம்பித் தந்தேன். நீ தவறு செய்திருந்தால் இந்தத் தோட்டத்தில் நீ பெரிய கிளாக்கராக இருக்க முடியாது. உன் மனைவி தெரியாமல் செய்திருந்தால் அது வேறு கதை. உன் மனைவியா?"

அந்தக் கேள்விக்கு ஒரு 'ஆம்' போதும். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். 'நான்தான் சேர்' என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. அவருக்கு என் காலடி கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கவில்லை. துரையின் முகத்தைப் பார்த்தபடியே, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து, கதவை மெல்ல இழுத்துச் சாத்தினார்.

"இல்லை சேர், நான்தான்" என்று அவர் சொன்னது பலகைக்கு ஊடாகக் கேட்டது.

பூட்டில்லாத கதவு அது. தள்ளினால் திறந்திருக்கும். நான் தள்ளவில்லை.